பழைய ஜீப்பின் டீசல் எஞ்சின்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஊரில் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டப் பாதையிலிருந்து இலை மூட்டைகளை மேலே ஏற்றிவர, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று தேவைப்படுகிறது. மேட்டுப்பாளையத்தில் 1993-இல் பதிவான மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று விலைக்கு வந்துள்ளது. வண்டியோடு வந்த பியூஜோ எஞ்சின்தான் இருக்கிறது என்றும், போன வருடம் முழுவதுமாகப் பிரித்து வேலை செய்ததாகவும் உரிமையாளர் சொல்கிறார். என்னுடன் வந்த மாமாவோ சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது மாற்றிப் பொருத்திய டி.ஐ. எஞ்சினாக இருக்கும் என்கிறார். நாங்கள் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஓடியது. ஏற்றத்தில் கறும்புகை வந்தது. ஆயில் பிரஷர் மீட்டர் வேலை செய்யவில்லை. பெட்ரோல் கார் மட்டுமே ஓட்டிப் பழகிய நான், எனக்குத் தெரியாத இந்த எஞ்சினை எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது புகையோ சத்தமோ அன்று. நீங்கள் போய்ச் சேரும் முன்பே எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தது என்பதுதான். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசி ஓடும் லைனரும், வால்வும் தேய்ந்து காற்று கசிந்தால் அந்த வெப்பம் குறையும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த பிறகு முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். ஆகவே நீங்கள் இதுவரை செய்தது எஞ்சினைப் பார்த்ததாக மட்டுமே ஆகும், சோதித்ததாக ஆகாது. உரிமையாளர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. வாங்க வருபவர் முன்னால் வண்டி சிணுங்கக் கூடாது என்று பலரும் முன்கூட்டியே ஓட்டி வைப்பதுண்டு. ஆனால் விலை பேசுவதற்கு முன் ஒரு குளிர்ந்த ஸ்டார்ட்டை நீங்கள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கும் முன்னால், அது எந்த எஞ்சின் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சத்தத்தை நம்ப வேண்டியதில்லை. எம்.எம். 540-இல் வந்த பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்பது 2,112 சி.சி. கொள்ளளவுள்ள, 62 குதிரைத்திறன் தரும், முன்னறையில் டீசலைப் பீய்ச்சி எரிக்கும் வகை. இவ்வகைக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் அவசியம் என்பதால், டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் அருகில் பென்சில் பருமனில் ஒரு பிளக் இருக்கும். நான்கையும் ஒரு கம்பியோ தகடோ இணைத்துச் செல்லும். மஹிந்திராவின் டி.ஐ. எஞ்சின் 2,523 சி.சி. அளவுள்ள, டிராக்டர் எஞ்சின் வழிவந்த, பிஸ்டன் தலையின் மேலேயே நேரடியாக டீசலைத் தெளிக்கும் வகை. கமாண்டர் போன்ற வண்டிகளில் பரவலாக வந்தது இதுதான். இதன் வேகம் குறைவு, இழுவை அதிகம், சத்தம் கரடுமுரடு. உங்கள் மாமாவின் காது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தேய்ந்த நாசில் பொருத்திய பியூஜோவும் அதே போலத் தட்டும் என்பதால், ஹீட்டர் பிளக்குகளைத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு எஞ்சின் பிளாக்கில் பொறித்துள்ள எண்ணைத் துடைத்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணையும் அப்படியே ஒப்பிட்டுவிடுங்கள்.

எண்கள் பொருந்தவில்லை என்றால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. எஞ்சின் மாற்றம் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். 1993-இல் பதிவான தனியார் வண்டி முதல் 15 ஆண்டுகளை எப்போதோ கடந்துவிட்டதால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அந்தச் சோதனையில் எண் பொருந்தாத வண்டி நின்றுவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் இதைத்தான் பார்க்கும். அந்தப் பதிவை விற்பவர் தன் பெயரிலேயே சரிசெய்து முடித்த பிறகு நீங்கள் வாங்குவதுதான் முறை. "நீங்கள் வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம், சுலபம்தான்" என்ற பேச்சை இந்த ஒரு விஷயத்தில் ஏற்க வேண்டாம்.

மாற்றிப் பொருத்திய எஞ்சின் என்று தெரிந்தால் இயந்திர வேலையிலும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தட்டு முறையாகக் கடைந்து செய்யப்பட்டதா, மவுண்டிங்குகளைச் சேஸிஸில் அவசரமாகப் பற்றவைத்திருக்கிறார்களா என்பதைக் கீழே படுத்துப் பாருங்கள். ஜீப்பில் முன் ஆக்சிலும் அதற்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் எஞ்சினுக்கு மிக அருகில் இருப்பவை. வேறு எஞ்சினின் சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) சற்றுத் தாழ்வாக அமைந்துவிட்டால், பள்ளத்தில் முன் ஸ்பிரிங் பட்டை முழுதும் அமுங்கும்போது ஆக்சில் சம்ப்பில் இடிக்கும். சம்ப்பின் அடியில் பளபளப்பான தேய்மானமோ நசுங்கலோ இருந்தால், தோட்டப் பாதைக்கு அந்த வண்டி ஆகாது.

எண்கள் பொருந்தினால் அடுத்த கட்டம் குளிர்ந்த ஸ்டார்ட். காலை ஆறு மணிக்கு வருவதாகவும், அதற்கு முன் வண்டியைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் பிளாக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். பிறகு ஹீட்டரைப் போட்டு, உரிமையாளரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் சைலன்சரின் பின்னால் நில்லுங்கள். செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை, ஆனால் சைலன்சரிலிருந்து கண் எரியும் வெண்புகை வருகிறது என்றால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றத்தான் வெப்பம் போதவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக் செத்திருக்கும், அல்லது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, குறைந்திருக்கும். சுற்றும்போது புகையே இல்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. எங்கோ இணைப்பில் காற்று புகுந்து, இரவில் டீசல் தொட்டிக்குத் திரும்பிப் போயிருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். இரண்டாவது குறை ஒரு வாஷரிலோ டியூபிலோ முடிந்துவிடக்கூடும். முதலாவது, பிளக்குகள் நன்றாக இருந்தும் தொடர்கிறது என்றால், எஞ்சினைப் பிரிப்பதில்தான் முடியும். ஹீட்டர் பிளக்குகளைச் சோதனை விளக்கு வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க எலக்ட்ரீஷியனுக்கு அதிக நேரம் ஆகாது.

ஓடத் தொடங்கிய பின் முதல் ஒரு நிமிடம் சற்று வெண்புகையும் சீரற்ற ஓட்டமும் பழைய பியூஜோவுக்கு மன்னிக்கத்தக்கவை. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லை என்றால் முகர்ந்து பாருங்கள்: டீசல் வாடையோடு கண் எரிந்தால் நாசிலோ டைமிங்கோ (டீசல் பீய்ச்சும் நேரம்) கம்ப்ரஷனோ காரணம், எரிச்சலின்றி நீராவி போலக் காற்றில் சட்டென்று கலைந்தால் சிலிண்டரின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை தொடர்ந்து வருமானால் ஆயில் எரிகிறது.

ஆயிலைப் பற்றி, பெட்ரோல் காரில் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கறுப்பு நிறம் ஒரு குறையே அன்று. விற்பனைக்கு நிற்கும் 30 வயது வண்டியில் டிப் ஸ்டிக்கை இழுத்தால் தேன் நிறத்தில் ஆயில் ஒட்டி வருவதுதான் என்னை யோசிக்க வைக்கும். தேய்ந்த எஞ்சினின் தட்டல் சத்தத்தையும் தாழ்ந்த பிரஷரையும் சில வாரங்களுக்கு மறைக்க, கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பது இந்தத் தொழிலில் தெரிந்த தந்திரம். என்ன ஆயில் ஊற்றினீர்கள், டப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறி, விரலில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் பம்பின் சீல் வழியாகவோ, தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் சம்ப்பில் கலக்கிறது. அப்படி ஓடிய எஞ்சினின் பேரிங்குகளை நம்ப முடியாது. மூடியின் அடியில் மோர் போன்ற வெண்மை படிந்திருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

வேலை செய்யாத ஆயில் பிரஷர் மீட்டரைச் சிறு விஷயமாக விட்டுவிடாதீர்கள். மீட்டர் கெட்டிருக்கலாம்; தாழ்ந்த அளவைக் காட்டியதால் யாரோ கம்பியைக் கழற்றியும் இருக்கலாம். எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் நேரடியாகத் திருகிப் பொருத்தும் கேஜ் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐட்லிங்கில் ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அளவாவது காட்ட வேண்டும். வேகம் ஏறும்போது, ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் உயர வேண்டும். குளிரில் நல்ல அளவு காட்டிவிட்டுச் சூட்டில் விழுந்துவிடுமானால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்துள்ளன.

இப்போது ரிங்குகளின் நிலைக்கு வருவோம். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துவாரத்தின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். மெல்ல நடுங்கினால் வயதுக்கு உரியது. மூடி துள்ளி விழுந்தாலோ, துவாரத்திலிருந்து சீரான விசையோடு புகை வந்தாலோ, எரியும் வாயு ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்குகிறது. "போன வருடம் முழுவதுமாக வேலை செய்தது" என்ற சொல்லுக்கு இதைவிட நேரான சாட்சி வேறு இல்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அது காற்று உறிஞ்சும் குழாயோடு சேராமல், நீளமான டியூப் மாட்டிச் சாலையை நோக்கி இறக்கப்பட்டிருந்தால், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். முழு ஓவரால் செய்தது உண்மையானால் லைனர், பிஸ்டன், பேரிங் வாங்கிய பில்களும் லேத் பட்டறை ரசீதும் இருக்கும். பில்லே இல்லாத ஓவராலுக்கு நான் விலையில் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

ஐயம் தீரவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்குரிய கேஜ் இதற்குப் போதாது. டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும், பேட்டரியும் முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். பியூஜோ போன்ற, அழுத்த விகிதம் 22-க்கு 1 அளவில் உள்ள எஞ்சினில் 400 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வந்தால் மகிழ்ச்சி. 300-க்குக் கீழே போனால் வாங்காதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடக் கூடாது. இந்தச் சோதனையை மேட்டுப்பாளையத்திலேயே செய்துவிடுங்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், நல்ல எஞ்சினும் குறைந்த அளவைக் காட்டிக் குழப்பும்.

இதே உயரத்தை உங்கள் கறும்புகைக் கேள்வியிலும் கணக்கில் கொள்ள வேண்டும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரியும்போது புகை கறுக்கும். அடைபட்ட ஏர் ஃபில்டர், ஒழுகும் நாசில், டீசல் அளவைக் கூட்டி வைத்த பம்ப் ஆகிய மூன்றும் பொதுவான காரணங்கள். மேட்டுப்பாளையத்துச் சமவெளியை ஒட்டிய ஏற்றத்திலேயே கறுக்கும் வண்டி, காற்று மெலிந்த கோத்தகிரியில் இன்னும் அதிகமாகக் கறுக்கும். டீசல் பம்பில் அதிகபட்ச டீசல் அளவை நிர்ணயிக்கும் திருகுக்குக் கம்பியும் ஈயமும் வைத்து முத்திரை இட்டிருப்பார்கள். அந்த முத்திரை அறுந்திருந்தால், தளர்ந்த எஞ்சினின் இழுவையைக் கூட்டிக் காட்ட யாரோ டீசலை அதிகம் திறந்துவிட்டிருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் கறும்புகையைக் கண்டு நான் அஞ்சுவதில்லை. பம்பையும் நாசிலையும் கழற்றிக் கோயம்புத்தூரில் சோதனை பெஞ்சில் வைத்துச் சரிபார்த்து வாங்கிவிடலாம். நீல நிறமும் மூடி துள்ளுவதும்தான் பெரிய செலவு.

காட்டுப்பாதையில் ஓடிய வண்டிக்கென்றே உள்ள ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை என்பது என் வருத்தம். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குள் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே மண் துகள் ஒட்டினால், ஃபில்டரைத் தாண்டித் தூசி சிலிண்டருக்குள் போயிருக்கிறது. தேய்ப்புக்கல் போல அது ரிங்கையும் லைனரையும் அரித்துவிடும். அன்றைக்குக் கம்ப்ரஷன் நன்றாக இருந்தாலும் அந்த எஞ்சினின் ஆயுள் பெரும்பகுதி போய்விட்டது. ஃபில்டர் கூட்டின் அடியில் வண்டல் படிந்து காய்ந்திருந்தால், ஓடையில் இறக்கித் தண்ணீர் குடித்த வண்டி. தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். அவ்வாறு வளைந்த ராடு உள்ள சிலிண்டர், கம்ப்ரஷன் சோதனையில் மற்றவற்றைவிடத் தாழ்ந்து காட்டும்.

எல்லாம் இதுவரை சரி என்றால், உரிமையாளரையும் அழைத்துக்கொண்டு, பின்னால் சில மூட்டைகளை ஏற்றி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி வாருங்கள். ஏறத்தாழ 33 கிலோமீட்டர் இடைவிடாத ஏற்றத்தைவிடச் சிறந்த சோதனைச் சாலை உங்கள் வட்டாரத்தில் இல்லை. கிளம்பும் முன், குளிர்ந்த நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டரின் வாயு ரேடியேட்டருக்குள் போகிறது. ஏறவே வேண்டாம், அங்கேயே விட்டுவிடுங்கள். ஏறும்போது வெப்பமானியைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இல்லாத ரேடியேட்டர் மேலே வந்ததும் பொங்கும். சூடான மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

மேலே வந்து சேர்ந்ததும் ஐட்லிங்கில் விட்டு, பிரஷரையும் பிரீதரையும் மறுபடி பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, கால் மணி நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் உடனே ஓடிய வண்டி, சூட்டில் நீண்ட நேரம் சுற்ற வைத்தால், ரோட்டரி பம்பின் உட்பகுதி தேய்ந்திருக்கிறது. சூடான டீசல் நீர்த்து உள்ளேயே கசிந்து, நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாமல் போகிறது. பம்பின் வெளிப்புறம் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வரும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. பழைய டீசலுக்குப் பழகிய பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவதுண்டு. இது சீல் மாற்றும் வேலைதான்.

முடிந்தால் சிறிய முன்பணம் கொடுத்து, சோதனைக்காக என்று இருவரும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வண்டியை ஓர் இரவு உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மேட்டுப்பாளையத்துக் காலையின் இளஞ்சூட்டில் ஸ்டார்ட் ஆவது, மார்கழி தையில் கோத்தகிரிக் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு உறுதி தராது. ஏற்றத்தில் கிடைத்த விடைகளும் அந்த ஒரு காலையின் விடையும் சேர்ந்தால் உங்கள் முடிவுக்குப் போதும்.

ஒவ்வொரு சிலிண்டரின் பைப் நட்டையும் தளர்த்தி, எது வேலை செய்யவில்லை என்று பார்க்கும் முறையை யாராவது சொன்னால், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், நீங்களே செய்யாதீர்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தக் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அவசரச் சிகிச்சை தேவைப்படும். ஜீப்பில் இருப்பது மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சின் என்று தெரிந்தால், மெக்கானிக்கும் அந்த முறையைத் தொடக் கூடாது.

எண்கள் பொருந்தி, ஆயில் மூடி அமைதியாக இருந்து, தண்ணீர் சுத்தமாக இருந்து, குளிரில் எழும் வண்டி என்றால், கறும்புகை அடித்தாலும், பம்ப் ஒழுகினாலும், ஹீட்டர் பிளக் இரண்டு செத்திருந்தாலும் வாங்குங்கள் என்பேன். பம்பும் நாசிலும் பிளக்கும் சரிசெய்ய என்ன ஆகும் என்று பம்ப் சர்வீஸ் கடையில் எழுத்தில் மதிப்பு வாங்கி, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றையும் எஞ்சின் பிளாக்கின் எண்ணையும் குறித்து எனக்கு எழுதினால், எந்தெந்த உதிரிபாகங்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.